பாலுக்கேற்ற சீஸ்

செம்மறிக் குட்டியின் எடை, பிறந்த இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். வெள்ளாட்டுக் குட்டிக்கு மூன்று வாரம், பசுங்கன்றுக்கு ஒன்றரை மாதம், குதிரைக் குட்டிக்கு இரண்டு மாதம் ஆகும். மனிதக் குழந்தைக்கு ஐந்து மாதத்துக்குக் குறையாது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்தந்தத் தாய்ப்பாலைப் பார்த்தால், வேகமாக வளரும் குட்டிக்குப் பெரும்பாலும் கெட்டியான பால் கிடைப்பது தெரியும். செம்மறியின் பாலில் 100 கிராமுக்கு ஐந்தரை கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்டு. எருமைப் பாலில் சுமார் நாலரை, பசும்பாலில் சுமார் 3.3, கழுதைப் பாலில் இரண்டுக்கும் கீழே. மனிதத் தாய்ப்பாலில் ஏறக்குறைய ஒன்றுதான்.

சீஸ் செய்வது என்றால் இந்தப் புரதத்தையும் அதனோடு வரும் கொழுப்பையும் பிடித்துவைத்துக்கொண்டு தண்ணீரை வெளியேற்றுவது. ஆகவே எந்த விலங்கின் பால் என்ற ஒன்றே சீஸின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. உப்பு, சூடு, நுண்ணுயிர், காலம், செய்பவரின் கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்து மீதிப் பாதி.

பிடித்த சீஸ் எது என்று கேட்டால் ஒரே பெயரில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொரு பாலுக்கும் ஒன்றைத் தேர்வதே நியாயம். அதற்கு ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறேன். அந்த சீஸை வேறொரு விலங்கின் பாலில் செய்தால் அது தன் தன்மையை இழந்துவிட வேண்டும். பாலை மாற்றியும் அப்படியே வருகிற சீஸ் எவ்வளவு ருசியாக இருந்தாலும், அந்தப் பாலின் சார்பாக நிற்கும் தகுதி அதற்கு இல்லை.

தேர்வுக்குப் போகுமுன், பால் எப்படித் திரள்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா சீஸும் அந்த ஒரு நிகழ்விலிருந்துதான் பிரிகின்றன.

பாலின் முக்கியப் புரதம் கேசின். இது தனித்தனி மூலக்கூறாகப் பாலில் மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேசின்கள் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து மிகச் சிறிய உருண்டைகளாகத் திரண்டிருக்கின்றன. இவற்றை மிசெல் என்பார்கள். பசும்பாலின் மிசெல் ஒன்றின் குறுக்களவு பொதுவாக 100 முதல் 200 நானோமீட்டர். கேசினில் பல வகை உண்டு. அவற்றில் கப்பா-கேசின் என்பது உருண்டையின் வெளிப்பரப்பில் உட்கார்ந்து தன் வாலை நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கடம்பம்பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு மிசெலின் உருவம் எளிதாகப் பிடிபடும்: நடுவில் உருண்டை, சுற்றிலும் நெருக்கமாக மயிர். இந்த மயிர்களில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒரு மிசெல் இன்னொன்றை அண்டவிடுவதில்லை. பால் பாலாகவே இருப்பது இதனால்தான்.

இந்தக் காவலை உடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புளிப்பு. எலுமிச்சைச் சாறோ பாக்டீரியா உண்டாக்கும் லாக்டிக் அமிலமோ மின்னூட்டத்தை அடக்கிவிடும். கால்சியமும் கரைந்து மிசெலை விட்டு வெளியேறும். தயிரும் பன்னீரும் இந்த வழியில் வருபவை. இன்னொன்று கத்தி. கன்றின் நான்காவது இரைப்பையில் கைமோசின் என்ற நொதி சுரக்கிறது. கப்பா-கேசின் சங்கிலியில் 105, 106 ஆகிய எண்களில் இருக்கும் இரண்டு அமினோ அமிலங்களுக்கு நடுவே அது ஒரே ஒரு வெட்டு வெட்டும். வால் அறுந்து நீரோடு போய்விடும். மொட்டையான மிசெல்கள் கால்சியத்தின் துணையோடு ஒன்றோடொன்று ஒட்டி வலையாகும். கொழுப்புத் துளிகள் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ளும். குடித்த பால் ஓடிவிடாமல் வயிற்றில் கட்டியாகத் தங்கி மெல்லச் செரிப்பதற்காக இயற்கை கன்றுக்குக் கொடுத்த ஏற்பாடு இது. மனிதர்களிடம் கைமோசினுக்கான மரபணு சிதைந்து, செயலற்றுக் கிடக்கிறது. கன்று, குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும், கைமோசின் அடங்கிய சாறுதான் ரென்னெட். கைமோசினின் மரபணுவை நுண்ணுயிரில் செலுத்தித் தயாரிக்கும் ரென்னெட்டுக்கு 1990இல் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. இன்று உலகின் பெரும்பகுதி சீஸ் அப்படிக் கிடைக்கும் கைமோசினைக் கொண்டே செய்யப்படுகிறது.

செம்மறியிலிருந்து தொடங்குகிறேன். சீஸுக்கென்றே அமைந்த பால் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். பசும்பாலில் ஒரு கிலோ சீஸுக்குப் பொதுவாகப் பத்து லிட்டர் வேண்டும். செம்மறிப் பாலில் நாலரை, ஐந்து லிட்டரில் ஒரு கிலோ கிடைக்கிறது. புரதமும் கால்சியமும் மிகுதியாக இருப்பதால் சீக்கிரம் உறைகிறது, திரட்டும் உறுதியாக நிற்கிறது. கொழுப்பு ஏழு சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

என் தேர்வு ரோக்ஃபோர். தென் பிரான்சில், அவேரோன் வட்டாரத்தில் ரோக்ஃபோர்-சூர்-சூல்சோன் என்றொரு சிற்றூர். ஊருக்குப் பின்னால் கோம்பாலு என்ற சுண்ணாம்புக் குன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் குன்றின் ஒரு பக்கம் சரிந்து விழுந்து, பாறைகளுக்கு நடுவே குகைகளும் நீண்ட வெடிப்புகளும் உண்டாயின. அந்த வெடிப்புகளை ஊர்க்காரர்கள் ஃப்ளூரின் என்பார்கள். வெளிக்காற்று அவற்றின் வழியே நுழைந்து குளிர்ந்து ஈரமாகிக் குகைகளை நிரப்புகிறது. கோடையோ குளிர்காலமோ, உள்ளே குளிர்ச்சியும் ஈரமும் பெரிதாக மாறுவதில்லை. இந்தக் குகைகளில் ரோக்ஃபோரை முதிர வைக்கும் தனியுரிமையை மன்னர் ஆறாம் சார்லஸ் 1411இல் ஊராருக்குக் கொடுத்தார். பால் செம்மறிப் பாலாக மட்டுமே இருக்க வேண்டும் என்று 1925இல் சட்டம் வந்தது. பிரான்சில் தோற்றப் பெயர்ப் பாதுகாப்பைப் பெற்ற முதல் சீஸ் அதுதான். இன்று லக்கோன் என்ற செம்மறி இனத்தின் பச்சைப் பால், அதாவது காய்ச்சாத பால், இதற்கு ஆதாரம்.

இந்த சீஸின் நீலப் புள்ளிகளும் கோடுகளும் பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சை. பழைய முறையில் ரை தானிய மாவும் கோதுமை மாவும் கலந்த பெரிய ரொட்டியைக் குகையில் விட்டுப் பூஞ்சை பிடிக்கவைத்து, உலர்த்திப் பொடித்து வித்துகளை எடுத்தார்கள். அந்த வித்தைப் பாலில் கலக்கிறார்கள். சீஸ் உருவான பிறகு அதை நீண்ட ஊசிகளால் குத்தித் துளையிடுவார்கள். பூஞ்சைக்குக் காற்று வேண்டும். ஊசித் துளை வழியாகக் காற்று போகும் இடமெல்லாம் நீலம் படர்கிறது. மற்றப் பூஞ்சைகளால் தாங்க முடியாத அளவு ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு மிகுந்த இடத்திலும் இது வாழும். சீஸின் உள்ளே அது தனியாட்சி நடத்துவதன் காரணம் இந்தத் திறமைதான்.

செம்மறிப் பால்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு வேதியியலில் காரணம் இருக்கிறது. பூஞ்சை பாலின் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. பிறகு அந்த அமிலங்களையே தின்று, பாதி வழியில் மெத்தில் கீட்டோன் என்ற நறுமணப் பொருள்களாக வெளியே தள்ளுகிறது. எட்டு கார்பன் நீளமுள்ள அமிலம் ஒரு கார்பனை இழந்து 2-ஹெப்டனோன் ஆகிறது. நீல சீஸை மூக்கருகே கொண்டுபோனதும் முதலில் எழும் மணம் பெரும்பாலும் இதுதான். பத்து கார்பன் அமிலம் 2-நோனனோன் ஆகிறது. செம்மறிக் கொழுப்பில் ஆறு, எட்டு, பத்து கார்பன் நீளமுள்ள இந்தக் குட்டை அமிலங்கள் பசுவின் கொழுப்பில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆக, அதே பூஞ்சைக்கு இங்கே இரட்டிப்புத் தீனி. பசும்பால் நீல சீஸ்களில் அருமையானவை உண்டு. இங்கிலாந்தின் ஸ்டில்டனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாக்கில் உப்பும் காரமும் ஒருசேர எழுந்து, அடுத்த கணமே வெண்ணெயாகக் கரைந்து இனிப்பில் முடிகிற அந்த ஓட்டம் ரோக்ஃபோரில் மட்டும்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது.

நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. புல்லில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறமியைச் செம்மறியும் வெள்ளாடும் எருமையும் ஏறக்குறைய முழுவதும் நிறமற்ற வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும். பசு கொஞ்சம் கரோட்டினை அப்படியே கொழுப்பில் விட்டுவிடும். பசு வெண்ணெய் மஞ்சளாகவும் எருமை வெண்ணெய் வெள்ளையாகவும் இருப்பது இதனால்தான். தந்த நிறத்துச் சீஸில் நீலம் அவ்வளவு துலக்கமாகத் தெரிவதும் செம்மறியின் உடல் செய்த வேலை.

செம்மறிக்கு இன்னொரு சீஸ் என்னைத் தடுமாற வைக்கிறது. போர்ச்சுகலின் செர்ரா டா எஸ்ட்ரெலா மலையில் விலங்கின் ரென்னெட்டைத் தொடாமல், கார்டூன் என்ற முள்செடியின் ஊதாப் பூவின் சூலகத் தண்டுகளை ஊறவைத்த நீரால் பாலை உறையவைக்கிறார்கள். அந்தப் பூவின் நொதிகள் கைமோசினைப் போல ஓரிடத்தில் மட்டும் வெட்டுவதோடு நிற்பதில்லை, கேசினைப் பல இடங்களில் நறுக்கும். பசும்பாலில் இதைச் செய்தால் கசப்பு ஏறும், சீஸ் கிடைக்கும் அளவும் குறையும். செம்மறிப் பாலில் கேசின் தாராளமாக இருப்பதால் அத்தனை வெட்டையும் தாங்கிக்கொள்கிறது. தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இளகுகிறது. முதிர்ந்த செர்ரா சீஸின் மேல் தோலைத் திறந்து உள்ளிருப்பதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம். என் அளவுகோலின்படி இது ரோக்ஃபோருக்குச் சளைத்ததே அல்ல. எனினும் ஒரு பூஞ்சை, ஒரு குன்று, ஒரு இனத்து ஆடு மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கும் ரோக்ஃபோரை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

வெள்ளாட்டின் பால் செம்மறிப் பாலுக்கு நேர் எதிர். புரத அளவில் பசும்பாலை ஒத்தது. உறையும்போது மட்டும் மிகவும் இளைத்த திரட்டாக வரும். ஆல்ஃபா-எஸ்-1 என்ற கேசின் வகைதான் திரட்டின் எலும்புக்கூட்டுக்குப் பலம் சேர்ப்பது. ஒரு வெள்ளாட்டின் பாலில் இந்த வகை எவ்வளவு இருக்கும் என்பது அதன் மரபணுவைப் பொறுத்தது. சில ஆடுகளில் நிறைய உண்டு, சிலவற்றில் மிகக் குறைவு, சிலவற்றில் சுத்தமாகவே இல்லை. பிரான்சில் சானென், ஆல்பைன் இனக் கிடாய்களை இந்த மரபணுவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆல்ஃபா-எஸ்-1 மிகுந்த ஆட்டின் பாலில் சீஸ் அதிகம் கிடைக்கும், உறுதியாகவும் இருக்கும். ஆனால் வெள்ளாட்டு மணம் தூக்கலாக இருப்பது அந்தக் கேசின் குறைந்த ஆடுகளின் சீஸில். அவற்றின் பாலில் கொழுப்பு எளிதாக உடைந்து அமிலங்கள் வெளிப்படுகின்றன. அளவா மணமா என்ற இந்த இழுபறியில் பண்ணைக்காரர்கள் அளவின் பக்கம் சாய்வது புரிகிறது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளாட்டு சீஸ் வேண்டாம் என்பவர்கள் பெரும்பாலும் மூக்கைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஆறு, எட்டு, பத்து கார்பன் அமிலங்கள் இதில் செம்மறியைவிடவும் அதிகம். அவற்றோடு 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலம் என்ற கிளைவிட்ட அமிலமும் சிறிதளவு உண்டு. நம் மூக்கு இதை மிக மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும். கிடாயின் உடல் வாடையிலும் இதே அமிலம் இருக்கிறது. ஆகவே ஆட்டு வாடை வருகிறது என்று சொல்பவரின் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. கறந்த பாலை அலைக்கழிக்காமல் உடனே குளிரவைத்தால் கொழுப்புத் துளிகளின் உறை கிழியாது, அமிலம் வெளிப்படாது. நல்ல பண்ணையின் புதிய வெள்ளாட்டு சீஸில் வாடை ஏறக்குறைய இராது. எலுமிச்சையின் புளிப்பும் ஒரு குளிர்ச்சியும் இருக்கும்.

வெள்ளாட்டுத் திரட்டின் உடைந்துபோகும் மென்மையைக் குறையாக எண்ணாமல் அதையே கலையாக்கியவர்கள் லுவார் நதிப் பள்ளத்தாக்கின் மக்கள். என் தேர்வு அங்கிருந்து வரும் சேன்ட்-மோர் டி டூரேன். ரென்னெட்டை மிகக் கொஞ்சமாக விட்டு, அறை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாள் பாலைப் புளிக்க விடுகிறார்கள். புளிப்பு ஏற ஏற கால்சியம் கரைந்து வெளியேற, கெட்டித் தயிரை ஒத்த திரட்டு கிடைக்கிறது. அதை வெட்டிக் கிளறினால் பொடிந்துபோகும். ஆகவே கரண்டியால் மெல்ல அள்ளி நீண்ட அச்சுகளில் நிரப்பித் தானாக நீர் வடிய விடுகிறார்கள். வருவது உருளை வடிவம். நடுவே ரை தானியத்தின் தாள் ஒன்று ஊடுருவி நிற்கும். உடையக்கூடிய உருளைக்கு அந்தத் தாள் முதுகெலும்பு. இன்று அந்தத் தாளில் சீஸின் பெயரையும் தயாரிப்பாளரின் அடையாளத்தையும் லேசரால் பொறிக்கிறார்கள். 1990இல் இதற்குப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது.

வெளியே சாம்பல் நிறமாக இருப்பது மரக்கரித் தூள். இது மேற்பரப்பின் புளிப்பைத் தணித்து, ஜியோட்ரிக்கம் போன்ற பூஞ்சைகள் காலூன்ற இடம் கொடுக்கிறது. அவை லாக்டிக் அமிலத்தைத் தின்னத் தின்ன, தோலுக்கு அடியில் சீஸ் மெல்ல இளகிப் பளபளக்கும்; நடுப்பகுதி மட்டும் சுண்ணாம்பைப் போல வெண்மையாக, பொடிபடும் நிலையில் இருக்கும். மூன்று வாரம் முதிர்ந்த துண்டு ஒன்றில் தோல், இளகிய வளையம், உறுதியான நடு என்று மூன்று சுவைகள். பசும்பாலில் இதே முறையில் செய்து பார்த்திருக்கிறார்கள். வடிவம் வரும், அந்தக் கூர்மை வராது.

எருமைக்கு வரும்போது நம் ஊர்க்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் கறக்கும் பாலில் ஏறத்தாழ பாதி எருமையுடையது. இலங்கையில் மண்சட்டியில் விற்கும் எருமைத் தயிரைக் கவிழ்த்தாலும் விழாது என்பதும் தெரிந்ததே. ஏழு, எட்டு சதவீதக் கொழுப்பு, பசும்பாலைவிட அதிகக் கால்சியம், அதிகக் கேசின். நீலகிரியின் தோடர்கள் எருமைப் பாலைச் சுற்றியே கோயிலும் சடங்கும் அமைத்துக்கொண்டவர்கள். அவர்களும் மோர், வெண்ணெய், நெய் என்ற எல்லையில் நின்றார்கள். கன்றின் இரைப்பையை அறுத்து ரென்னெட் எடுப்பதற்கு இந்நாட்டில் இருந்த மனத்தடையை நினைத்தால் இதில் வியப்பில்லை. வெயில் நாட்டில் பால் தானாகவே வேகமாகப் புளித்து உறையும்போது ரென்னெட்டைத் தேடும் அவசரமும் இல்லை.

எருமைப் பாலின் சிறந்த சீஸ் இத்தாலியின் கம்பானியா வட்டாரத்தில், காசெர்த்தாவையும் பேஸ்தும் பகுதியையும் சுற்றிய சமவெளியில் செய்யப்படும் மொஸரெல்லா. இதில் நேற்று வடித்த தெளிநீரில் ஒரு பங்குதான் இன்றைய பாலுக்கு உறை. ரென்னெட்டால் கட்டியான திரட்டை வெட்டி, புளிப்பு ஏறுவதற்குக் காத்திருக்கிறார்கள். காத்திருப்பதில்தான் கைத்திறன். பிஎச் மதிப்பு ஐந்தை ஒட்டி வரும்போது கேசின்களைப் பிணைத்திருந்த கால்சியத்தில் போதுமான அளவு கரைந்துவிடுகிறது. முந்தினால் கேசின் வலை இறுகியே இருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். பிந்தினால் பிணைப்பே இல்லாமல் பொடியும். செய்பவர் ஒரு துண்டைக் கிள்ளிக் கொதிநீரில் போட்டு இழுத்துப் பார்ப்பார். அறுபடாமல் நீண்டால் நேரம் வந்துவிட்டது. கொதிநிலையை நெருங்கிய நீரை ஊற்றி, நீளக் கோலால் தூக்கித் தூக்கி இழுக்க, கேசின் வலை இழை இழையாக ஒரே திசையில் படுத்துவிடுகிறது. இழைகளுக்கு நடுவே கொழுப்பும் நீரும் சிறுசிறு பைகளாகத் தங்கிவிடுகின்றன. நல்ல எருமை மொஸரெல்லாவைப் பிய்த்தால் வெண்ணிறமான நீர் கசியும்.

என் அளவுகோலை இங்கே கடுமையாகப் பிடித்தால் ஒரு சங்கடம் உண்டு. பசும்பாலிலும் மொஸரெல்லா செய்கிறார்கள், நன்றாகவே நீள்கிறது. பீட்சாவுக்கு அதுதான் பொருத்தமும்கூட. எருமை மொஸரெல்லா அடுப்பில் நீரை விட்டு ரொட்டியைச் சொதசொதவென ஆக்கிவிடும். ஆனால் சமைக்காமல், செய்த அன்றோ மறுநாளோ, குளிர்பெட்டியில் வைக்காமல் அப்படியே சாப்பிட்டால் இரண்டும் ஒரே குடும்பம் என்றுகூடத் தோன்றாது. பசுவினுடையது அடர்த்தியான இழை. எருமையினுடையது முதல் கடியில் எதிர்த்து நின்று, அடுத்ததில் பாலாகவே திரும்பிவிடுகிறது. அதனால் தயக்கமில்லாமல் பட்டியலில் வைக்கிறேன்.

பசுவுக்குத் தேர்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். செட்டர், காமம்பேர், கௌடா, எமென்டால், பார்மிஜானோ என்று உலகில் பெயர் பெற்ற சீஸ்களில் பெரும்பான்மை பசுவுடையவை. கொழுப்பில் வாடை தரும் அமிலங்கள் குறைவு, திரட்டு உறுதியிலும் நடுத்தரம். தனக்கென்று உரத்த குரல் இல்லாத பால் அது. அதனால்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் புல்லும் காலமும் அதில் தெளிவாகப் பேச முடிகிறது. பசுவுக்கென்று தனியாக ஒன்று உண்டென்றால் அது அளவு. ஆடு கொடுப்பதைப் போலப் பல மடங்கு பால். மலைப்பகுதியில் குளிர்காலத்தைத் தாண்டி நிற்கும் பெரிய சக்கர வடிவச் சீஸ்கள் இந்த அளவினால்தான் பிறந்தன.

ஆகவே என் தேர்வு கோம்தே. பிரான்சின் கிழக்கு எல்லையில், ஜூரா மலைத்தொடரில் செய்வது. ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்கு ஏறத்தாழ 400 லிட்டர் பால் வேண்டும். ஒரு சிறு விவசாயியின் மாடுகளால் ஒரே நாளில் இவ்வளவு கொடுக்க முடியாது. எனவே ஊரார் பாலை ஒன்றுசேர்த்துப் பொதுவாக சீஸ் செய்யும் வழக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அங்கே வேரூன்றிவிட்டது. ஃப்ருய்த்தியேர் என்ற அந்தக் கூட்டுறவுச் சாலைகள் இன்றும் இயங்குகின்றன. மொன்பெலியார்ட் இனப் பசுக்கள் கோடையில் மேய்ச்சலிலும் குளிர்காலத்தில் உலர்ந்த புல்லிலும் வளர்கின்றன. குழியில் புளிக்கவைத்த பசுந்தீவனம் கொடுக்கக்கூடாது என்பது விதி. அந்தத் தீவனத்தோடு வரும் குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் வித்துகள், சீஸ் முதிர்ந்து வரும்போது வாயுவை உண்டாக்கிச் சக்கரத்தையே வெடிக்கவைக்கும்.

திரட்டைச் சிறு மணிகளாக வெட்டி, கிளறிக்கொண்டே 53 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். மணிகள் சுருங்கி நீரை உமிழ்கின்றன. பிறகு அழுத்தி, உப்பிட்டு, ஊசியிலை மரப் பலகைகளில் அடுக்கி, குறைந்தது நான்கு மாதம் முதிர வைக்கிறார்கள். பல சக்கரங்கள் ஓராண்டைத் தாண்டும். இந்தக் காலத்தில் பாக்டீரியாவின் நொதிகள் கேசினைத் துண்டு துண்டாக்கி அமினோ அமிலங்கள் வரை உடைக்கின்றன. பல்லில் நறநறவென்று படும் வெண்ணிறப் படிகங்கள் டைரோசின் என்ற அமினோ அமிலம். உப்பு என்று பலரும் நினைப்பது இதைத்தான். வறுத்த கொட்டை, வெண்ணெய், சில சமயம் வதக்கிய வெங்காயம் வரை அதில் மணக்கும். கோடைப் பாலில் செய்தது மஞ்சளாகவும் குளிர்காலத்தது வெளிறியும் இருக்கும். ஆட்டுக்கும் எருமைக்கும் இல்லாத அந்தக் கரோட்டின் இங்கே, மாடு எந்தப் பருவத்தில் எதைத் தின்றது என்பதைச் சொல்லிவிடுகிறது. பார்மிஜானோவை நான் சமையலுக்கு வைத்துக்கொள்கிறேன். வெறுமனே வெட்டிச் சாப்பிட கோம்தே.

கழுதையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். நம் ஊர்த் தெருக்களில் கைக்குழந்தைக்கென்று சங்களவு கழுதைப் பாலைக் கறந்து விற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை, காய்ச்சாத பாலைச் சிசுவுக்குக் கொடுப்பது ஆபத்தும்கூட. தாய்ப்பாலைப் போல அது நீர்த்தது, கேசின் குறைந்தது என்பது மட்டும் உண்மை. சீஸுக்கு அதுவே தடை. செர்பியாவின் சாசவித்சா இயற்கைக் காப்பகத்தில் செய்யும் பூலே என்ற கழுதை சீஸ் உலகின் மிக விலையுயர்ந்த சீஸ்களில் ஒன்று. கிலோவுக்கு 25 லிட்டர் பால் என்பார்கள். ஆனால் அதில் வெள்ளாட்டுப் பாலும் கலந்திருக்கிறது. கட்டிப் பிடித்து நிற்பது ஆட்டின் கேசின். என் அளவுகோலில் அது தேறாது.

ஒட்டகம்தான் என்னை நீண்ட நேரம் பிடித்துவைத்த விலங்கு. ஒட்டகம் மேய்க்கும் மக்கள் பாலைப் பச்சையாகக் குடித்தார்கள். கசாக்கிய நாட்டின் ஷுபாத், சூடானின் கரிஸ் என்று புளிக்கவைத்தும் குடித்தார்கள். ஆனால் சீஸ் செய்யும் மரபு அவர்களிடம் அரிது. ஒட்டகப் பாலில் கேசினுக்குப் பஞ்சமில்லை. குறைவது கப்பா-கேசின்: பசும்பாலின் கேசினில் அது சுமார் 13 சதவீதம் என்றால் ஒட்டகத்தில் மூன்றரை சதவீதம் அளவே. மிசெல்களும் பெரியவை, திரட்டு தளர்வாகவே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கன்றின் கைமோசினுக்கு ஒட்டகத்தின் கப்பா-கேசின் சரியாகப் பிடிபடுவதில்லை. அந்தக் கத்தி இந்தப் பூட்டுக்குப் பொருந்தவில்லை.

மௌரிட்டானியாவின் தலைநகர் நுவாக்ஷோட்டில், பிரிட்டனில் பிறந்த பொறியாளர் நான்சி அபெய்தர்ரஹ்மான் 1980களின் இறுதியில் திவிஸ்கி என்ற பால் நிறுவனத்தைத் தொடங்கினார். நாடோடி மேய்ப்பர்களிடம் ஒட்டகப் பாலை வாங்கிப் பதப்படுத்தி நகரத்தில் விற்பது அதன் வேலை. அதுவரை அந்த நகரம் இறக்குமதிப் பாலை நம்பி இருந்தது. பால் மிஞ்சும் பருவத்தில் அதை என்ன செய்வது என்ற கேள்வி சீஸில் கொண்டுவிட்டது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு, பாலில் கால்சியம் சேர்த்து, ரென்னெட்டின் அளவைச் சரிசெய்து, காமம்பேரை ஒத்த வெண்பூஞ்சைத் தோலுடைய மென்சீஸ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காரவான் என்று பெயர். 1993இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஐரோப்பியச் சந்தையில் அதை விற்பதற்கு அவர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஒட்டகப் பாலுக்கென்று அங்கே விதிகளே வகுக்கப்பட்டிருக்கவில்லை. மேய்ப்பர் குடும்பத்துக்குப் பாலால் ரொக்கம் கிடைக்கச் செய்த அந்த முயற்சியை நான் எந்தச் சுவைக்கும் மேலாக மதிக்கிறேன்.

பூட்டுக்கு ஏற்ற கத்தி ஒட்டகத்திடமே இருந்தது. ஒட்டகக் கைமோசினின் மரபணுவை ஒரு பூஞ்சையில் செலுத்தித் தயாரித்து, அதைக் கன்றின் கைமோசினோடு ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளியானது. ஒட்டகக் கைமோசின் ஒட்டகப் பாலை நன்றாக உறையவைத்தது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பசும்பாலிலும் அது கன்றின் கைமோசினை முந்தியது. உறையவைக்கும் திறன் 70 சதவீதம் கூடுதல். வேண்டாத இடங்களில் கேசினை வெட்டிக் கசப்பை உண்டாக்கும் பழக்கமோ ஐந்தில் ஒரு பங்குதான். பின்னர் அதைக் கொண்டு, ஆட்டுப் பால் கலக்காமல் கழுதைப் பாலை மட்டும் உறையவைத்தும் காட்டினார்கள். இந்தக் கைமோசின் இன்று வணிக ரீதியாக விற்பனையாகிறது, பசும்பால் சீஸ் செய்பவர்கள் கசப்பில்லாமல் நெடுநாள் முதிரவைக்கும் சீஸ்களுக்கு இதை வாங்குகிறார்கள். ஒட்டகத்துக்கு என் தேர்வு காரவான்தான். ஆனால் ஒட்டகம் சீஸ் உலகத்துக்குக் கொடுத்ததில் பெரியது பால் அல்ல, அதன் குட்டியின் இரைப்பையில் சுரக்கும் இந்த நொதி.